அரைக்கு முன் ஒரு கையெழுத்து

டெனிஸ் பென்ரோஸ் காலை எட்டேகாலுக்கு, நான் காவல் இருக்கும் அரங்கின் பின்வாசலில் வந்து நின்றபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நடிகர்கள் பதினோரு மணிக்கு முன் கண்ணில் படமாட்டார்கள். இவரோ சவரம் செய்து, கழுத்துத் துண்டு கட்டி, காலணியைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு வந்திருந்தார். நவம்பர் மாதம். கடலிலிருந்து வந்த பனிமூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்கார்பரோவில் அந்த நேரத்துக்கு விழித்திருப்பவர்கள் மீன்காரர்களும் நானும்தான்.

"வில்ஃப், கண்ணு, ஒரு உதவி" என்றார்.

"மிஸ்டர் பென்ரோஸ், நீங்க கண்ணுன்னு கூப்பிட்டாலே எனக்குப் பயமா இருக்குது."

"லீட்ஸ் போறேன். டெலிவிஷன்ல கூப்பிட்டிருக்கானுங்க. வாராவாரம் வர்ற தொடர். டாக்டர் வேஷம்யா. செத்துப்போற டாக்டர் இல்ல, உசிரோட இருக்கிற டாக்டர்!"

அவர் துள்ளியதில் நியாயம் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக ஊர் ஊராக மேடை ஏறுகிறவர். டெலிவிஷனில் அதுவரை நான்கு தடவைதான் தலைகாட்டியிருந்தார். இரண்டு தடவை போலீஸ்காரர். ஒரு தடவை சோப்புத்தூள் விளம்பரத்தில் அழுக்குச் சட்டைக்காரர். ஒரு தடவை பிணம். பிணமாகப் படுத்திருந்தபோது கண்ணிமை துடித்துவிட்டது என்று அதையும் பாதியாக வெட்டிவிட்டார்கள். வயது ஐம்பத்தொன்று. வாடகை அறையில் ஒரு பெட்டி, ஒரு கெட்டில். அவ்வளவுதான் அவர் குடித்தனம்.

"இன்னைக்கு மதிய ஆட்டம் இருக்குதுங்க" என்றேன்.

"தெரியும்டா. பதினோரு மணிக்கு வரச்சொல்லியிருக்கான். பன்னெண்டு இருபது ரயிலைப் பிடிச்சா ஒண்ணே முக்காலுக்கு இங்க. ஸ்டேஷன்லேர்ந்து ஓடியே வந்துடுவேன். ஒருவேளை அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன ஆச்சுன்னா..." என்று சொல்லிச் சுவரில் தொங்கிய தாளைப் பார்த்தார்.

அதுதான் கையெழுத்துத் தாள். நாடகக்காரர்கள் 'அரை' என்று சொன்னால் அரைமணி அல்ல, முப்பத்தைந்து நிமிடம். இரண்டரைக்குத் திரை தூக்கவேண்டுமென்றால் ஒன்று ஐம்பத்தைந்துக்குள் அத்தனை பேரும் அந்தத் தாளில் தங்கள் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். போடவில்லையென்றால் வேஷம் மாற்று நடிகருக்குப் போய்விடும். பிறகு ஓடிவந்து அழுதாலும் கிடையாது. பென்ரோஸ் அந்தப் பருவத்தில், முந்தைய நாடகத்தின்போது, ஏற்கெனவே இரண்டு தடவை தவறவிட்டிருந்தார். மூன்றாவது தடவை என்றால் சனிக்கிழமையோடு கணக்கை முடித்து அனுப்பிவிடுவதாக மேலாளர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். குளிர்காலத்தில் வேலை போனால் அடுத்த வேலை ஈஸ்டருக்குத்தான்.

"பெரில்கிட்ட அனுமதி கேட்டுட்டுப் போங்களேன். மேடைப் பொறுப்பு அவங்கதானே."

"கேட்டா 'போகாதே'ம்பா. அந்த அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அதுதான். அஞ்சு நிமிஷம், வில்ஃப். என் பேருக்கு நேரா ரெண்டு இனிஷியல் போட்டுடு. உனக்கு ஒரு பாட்டில் உண்டு."

"பாட்டிலெல்லாம் வேணாங்க."

வேண்டாம் என்று நான் சொன்னது பாட்டிலைத்தான். அவர் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள் போய்விட்டார்.

அன்று காலை முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் காட்சிக்கான சோபாவைத் தூக்கும்போது முதுகில் பழைய இடத்தில் பிடித்துக்கொண்டது. அது மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி சுமந்த காலத்து வலி. கரி அள்ளினேன். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன். ஒன்றே கால் ஆனதும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போனார்கள்.

ஒன்றரைக்கு நார்மன் கிரெப்ஸ் வந்தார். அவர்தான் பென்ரோஸுக்கு மாற்று. பதினொரு வாரமாக முழு வேஷத்தையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். ஒரு நாள்கூட மேடை ஏறியதில்லை. தினமும் வந்து முதலில் தாளைப் பார்ப்பார். எல்லாக் கையெழுத்தும் இருந்தால் வெளியே போக அவருக்கு அனுமதி உண்டு. முனைக் கடையில் பொரித்த ஹாடக் மீன் தின்றுவிட்டு இடைவேளைக்குத் திரும்புவார்.

"இன்னும் காணோமே உங்க மகாராஜா?" என்றார். குரலில் ஆசையும் பயமும் சம அளவில் இருந்தன.

"வருவாருங்க."

"வராம இருந்தா நல்லாருக்கும்னு நான் சொல்லல. ஆனா வராம இருந்தா..." என்று இழுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து உதட்டுக்குள் வசனத்தை ஓட்ட ஆரம்பித்தார்.

ஒன்று ஐம்பது. ஐம்பத்திரண்டு. வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தேன். கடற்பறவை ஒன்று குப்பைத்தொட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தது. வேறு உயிரே இல்லை. நார்மன் கழிப்பறைக்கு எழுந்து போனார். நான் பென்சிலை எடுத்து 'டெ. பெ.' என்று போட்டேன். மெதுவாக, அழுத்தி, நூலக மாடியில் செவ்வாய்க்கிழமை வகுப்பில் நாற்பத்து மூன்று வயதில் எழுதப் படிக்கக் கற்ற மாதிரியே போட்டேன்.

நார்மன் திரும்பி வந்து தாளைப் பார்த்தார். தோள் இறங்கியது.

"எப்ப வந்தாரு? நான் பாக்கவேயில்லையே."

"நீங்க உள்ள போயிருந்தப்ப."

"ம்... சரி, மீனாவது சூடா இருக்கட்டும்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்று ஐம்பத்தைந்துக்கு மேடைப் பொறுப்பாளர் பெரில் ஆட்கின் வந்து தாளை ஆணியிலிருந்து உருவி, பார்வையை மேலிருந்து கீழே ஓட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாயிற்று. இரண்டு ஐந்து. முன்வாசலில் பேருந்துகளிலிருந்து கிழவிகள் இறங்கும் சத்தம் கேட்டது. புதன் மதியம் அவர்களுடைய ஆட்டம். இடைவேளைத் தேநீர்த் தட்டுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டு உட்காருவார்கள். திரை தூக்கியதும் அவர்கள் முதலில் பார்க்கவேண்டியது நாற்காலியில் செய்தித்தாள் படிக்கும் கர்னலை. அந்தக் கர்னல்தான் பென்ரோஸ். கர்னல் இல்லை. கர்னலுக்கு மாற்றாக இருந்தவரையும் பொய் சொல்லி மீன் தின்ன அனுப்பிவிட்டேன்.

இரண்டு பத்துக்கு மேல் என்னால் உட்காரமுடியவில்லை. சாவிக்கொத்தை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். முதுகு கத்தியது. கடை ஜன்னல் ஆவியில் நார்மன் தட்டில் வினிகர் தெளித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"எழுந்திருங்க. நீங்கதான் இன்னைக்கு."

"என்ன நான்தான்?"

"கர்னல்!"

வாயில் இருந்த மீன் அப்படியே நின்றது. "இப்பவா? நான் பட்டாணி வேற சொல்லிருக்கேனே" என்றார். பதினொரு வாரம் காத்திருந்த மனிதர் சொன்ன வார்த்தை அது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் முதல் வசனத்தைச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவையும் முழுசாக வரவில்லை.

பெரில் மாடிப்படி அடியில் நின்றிருந்தாள். பென்ரோஸின் அறை காலியாக இருந்ததை அதற்குள் பார்த்துவிட்டிருந்தாள். நார்மனைக் கண்டதும், "சட்டையக் கழட்டு. மீசைய ஒட்டிக்கோ. நடந்துகிட்டே ஒட்டு" என்றாள். கர்னலின் கோட்டு அவருக்கு வயிற்றில் இறுக்கிப்பிடித்தது. ஒரு பொத்தானை மாட்டாமலே விட்டார்கள்.

இரண்டு இருபத்து நான்குக்குப் பின்வாசல் கதவு சுவரில் மோதியது. பென்ரோஸ். தலைமுடி நெற்றியில் ஒட்டி, கழுத்துத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"மாடு! மால்டன் தாண்டி தண்டவாளத்துல மாடு! அரைமணி நேரம் அதுங்க மூஞ்சியப் பாத்துகிட்டு உக்காந்திருந்தேன். நகரு, வில்ஃப், மேக்கப் வேணாம், அப்படியே போறேன்..."

படியின் வளைவில் நார்மன் கர்னல் கோட்டில் இறங்கிவந்தார். பென்ரோஸைப் பார்த்ததும் நார்மன் கையைப் பொத்தானுக்குக் கொண்டுபோனார், கழற்றிக் கொடுத்துவிடுகிறவர் போல.

"கைய எடு, நார்மன். மேடைக்குப் போ" என்றாள் பெரில். பிறகு தாளை விரித்து பென்ரோஸின் முன் பிடித்தாள். "இது யாரு போட்டது?"

எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. துறைமுகத்தில் பெட்டி சுமக்கத் திரும்பிப்போக முதுகு இல்லை.

பென்ரோஸ் தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "நான்தான். காலைல எட்டேகாலுக்கே போட்டுட்டுப் போனேன். தப்புதான்."

"அப்படியா, வில்ஃப்?"

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

பெரில் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "மூணாவது தடவை, டெனிஸ். சனிக்கிழமையோட சரி. நீ லேட்டா வந்ததுக்கு இல்ல. இந்தப் பேரை நம்பித்தான் நார்மன் வெளிய போனான். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா காலி நாற்காலிக்குத் திரை தூக்கியிருப்பேன்."

"தெரியும், பெரில்."

அவள் போய்விட்டாள். திரை ஆறு நிமிடம் தாமதமாக எழுந்தது.

"டாக்டர் வேஷம் என்னாச்சுங்க?" என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் உக்கார வெச்சான். அப்புறம் சாப்பாட்டுக்கு மேல பாக்கலாம்னான். எனக்கு மதியம் ஆட்டம் இருக்குது, உன் சாப்பாட்ட நீயே தின்னுன்னுட்டு வந்துட்டேன்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "அரைக்கு வந்தாகணும்ல."

வீட்டுக்குப் போகச் சொன்னேன். போகவில்லை. மேடை ஓரத்து இருட்டில் கூண்டுப்புலி மாதிரி நடந்தார். நார்மன் பேசும் ஒவ்வொரு வரிக்கும் அவர் உதடும் அசைந்தது. "அங்க நில்லு... ரெண்டு நொடி நில்லுடா... ஐயோ, ஓடுறான் பாரு" என்று முணுமுணுத்தார். பிறகு கர்னல் தேநீர்க் கோப்பையைத் தேடும் இடம் வந்தது. பதினொரு வாரமாக அங்கே யாரும் சிரித்ததில்லை. நார்மன் பயத்தில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடினார். கிழவிகள் கொட்டகை அதிரச் சிரித்தார்கள்.

அன்று காலையிலிருந்து முதல் தடவையாக பென்ரோஸ் அசையாமல் நின்றார்.

அந்த நேரத்தில் பின்வாசல் தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். லீட்ஸிலிருந்து ஒரு பெண். மிஸ்டர் பென்ரோஸ் இருக்கிறாரா, இயக்குநர் காக்கவைத்தபோது எழுந்து வெளியே நடந்த முதல் ஆள் அவர்தானாம், அது இயக்குநருக்குப் பிடித்துப்போனதாம், நாளைக் காலை ஒன்பது மணிக்குத் திரும்ப வரமுடியுமா என்று கேட்டாள். பேசியின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

அவர் திரும்பவில்லை. "மேடையில இருக்கார்னு சொல்லு."

"மிஸ்டர் பென்ரோஸ், டாக்டர் வேஷங்க..."

"ஆட்டம் நடக்கும்போது நடிகன் போனுக்கு வரமாட்டான். அஞ்சு மணிக்குக் கூப்பிடுறார்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். ஒரே நாளில் அவருக்காக இரண்டாவது பொய்.

சனிக்கிழமை அவர் பெட்டியோடும் கெட்டிலோடும் போனார். எனக்குக் கை கொடுத்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கதவைச் சாத்து, குளிருது" என்றார். நான் என் வாசல் நாற்காலியில் இருந்தேன், அவர் தெருவில் இருந்தார்.

அடுத்த வசந்தத்தில் என் மனைவி ஈடி அடுப்படிக்கு வந்து கூப்பிட்டாள். "டெலிவிஷன்ல உங்க டாக்டர் வந்துட்டாரு பாருங்க." வாராவாரம் வந்தார். கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையை எடுத்துப் படிப்பார், கிறுக்கிக் கையெழுத்துப் போடுவார், கதவைப் பார்ப்பார். எப்போதும் எங்கேயோ போகவேண்டிய மனிதர் மாதிரியே இருப்பார். ஊரே அதை நல்ல நடிப்பு என்றது. அவர் கை அந்த அட்டையில் ஓடும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

பெரில் ஓய்வு பெற்ற வாரம் அவளிடம் சொல்லிவிட்டேன். ஆறு வருடம் கழித்து. அந்தக் கையெழுத்து என்னுடையது என்று.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"டெனிஸ் பேரை அதுவரைக்கும் யாராவது படிச்சிருக்காங்களா? புழு ஊர்ந்த மாதிரி இருக்கும். அன்னைக்கு அழகா, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா நின்னுச்சு. இந்தக் கட்டடத்துல அப்படி எழுதுறது நீ ஒருத்தன்தான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"அவன் உனக்காகப் பொய் சொல்லிட்டான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. அதோட, புதன்கிழமை மதியத்துல இன்னொரு வாசல்காரனை எங்க போய்த் தேடுறது?" சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "தாளை மாட்டு, வில்ஃப். ஒண்ணே காலாகுது."

மாட்டினேன். மாட்டிவிட்டு, ஒன்று ஐம்பத்தைந்து ஆகும்வரை வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அன்று எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.