இரண்டு கை முடிச்சு

தொய்ந்து கிடக்கும் எதையும் ராஜவேலுவுக்குப் பிடிக்காது. கிணற்றுக் கயிறு, கட்டில் கயிறு, வண்டியில் ஏற்றிய வைக்கோல் கட்டு, எதைப் பார்த்தாலும் ஒருமுறை இழுத்து இறுக்கினால்தான் அவனுக்கு நிம்மதி. எதிர்வீட்டுக்காரர் இடுப்பு வேட்டியை மட்டும் மரியாதைக்காக விட்டுவைத்திருந்தான். ஆரணியில் பட்டு நெய்கிறவனுக்கு இது குணமா, வியாதியா என்று சொல்வது கஷ்டம். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைதான் பாவு. அது தொய்ந்தால் புடவை கெட்டது. இந்த ஒன்றுதான் அவன் அப்பனிடமிருந்து கற்றுக்கொண்ட பாடம்.

தாது வருஷத்துப் பஞ்சம் தீர்ந்து நாலாவது வருஷம், ஐப்பசி மாதம். வானம் வெளுத்திருக்கிறதே என்று நம்பி, அவனும் அவன் மனைவி தெய்வநாயகியும் காலையில் தெருவில் பாவை நீட்டினார்கள். அரக்குச் சிவப்புப் பட்டு, தெருவின் பாதி நீளத்துக்கு. முக்கால் வேலை ஆனபோது மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு முனையாக வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். வாசலருகே சேற்றில் தெய்வநாயகிக்குக் கால் வழுக்கியது. விழும்போது பட்டை இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். உடம்பு முழுவதும் வலது கைமேல் இறங்கியது. மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

ராஜவேலு ஓடி வந்து முதலில் பட்டைப் பார்த்தான். ஒரு பொட்டுச் சேறு இல்லை. அப்புறம்தான் அவளைப் பார்த்தான். எதை முதலில் பார்த்தான் என்பதை அவளும் பார்த்துவிட்டாள். பாவி மனுஷன், அந்த ஒரு நொடிக்காக அவன் தன்னை மன்னிக்கவே இல்லை. அதிலிருந்துதான் எல்லாம் வந்தது.

அன்று சந்தை நாள். எலும்பு கட்டுகிற படவேட்டுச் சடையன் சந்தைக்கு வந்திருந்தார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைத் தடவினார். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தன. மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் எலும்பை எலும்போடு பொருத்தினார். முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணியைச் சுற்றி, நாலு மூங்கில் பத்தை வைத்து, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக் கட்டினார்.

"அடுத்த சந்தைக்கு வந்து பாக்கறேன். அதுவரிக்கும் கட்ட யாரும் தொடக்கூடாது. வெரலு சில்லுனு ஆனா ஜல்தியா ஆளனுப்பு."

"கை பழையபடி வருமாங்க?" என்று கேட்டான் ராஜவேலு.

"எலும்பு கூடிக்கும். நீ சும்மா இருந்தா போதும்."

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. தீர்ந்துபோகும் பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைப்பதில் தெய்வநாயகியை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாய் முறுக்கிச் சேர்ப்பாள். மற்றவர்கள் மூன்று நாள் உட்கார்ந்து செய்வதை ஒன்றரை நாளில் முடித்துவிட்டு எழுந்து போய் உலை வைப்பாள்.

ராஜவேலுவால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் காலை பார்த்தால் பருத்தித் துணி தொய்ந்தாற்போல் இருந்தது. கந்தல் துணி! பட்டைக் காப்பாற்றி உடைந்த கைக்குக் கந்தலா என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பாவு ஓட்டியதில் மிஞ்சிய அரக்குச் சிவப்பு இழைகளை எடுத்து எட்டுப் புரியாக முறுக்கினான். கந்தலை அவிழ்த்துவிட்டு, பத்தைகளின்மேல் வரிசையாகச் சுற்றி, பாவை முளையில் கட்டும்போது போடுகிற முடிச்சைப் போட்டான். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. வீட்டில் இருந்ததிலேயே உசத்தியான பொருளை அவளுக்குக் கொடுத்துவிட்டோம் என்று அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பருத்தி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பட்டு கொடுக்காது. உள்ளே சதை வீங்கிக்கொண்டே இருந்தது.

"வெரலு மரத்துகினு வருதுங்க. கொஞ்சம் தளத்தி உடுங்களேன்" என்றாள் அன்று மத்தியானம்.

"தளந்தா கோணிக்கும். கூடற எலும்பு வலிக்காம இருக்குமா? பொறுத்துக்க."

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் வலி நின்றது. ராஜவேலு சந்தோஷத்தில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சிதறுகாய் உடைத்தான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வலி நின்றது குணமானதால் இல்லை என்று அந்தத் தெருவில் சொல்ல யார் இருந்தார்கள்? விரல்கள் சில்லிட்டதை அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வலிதான் போய்விட்டதே, சொல்லி அவரைப் பேஜார் பண்ணுவானேன் என்று நினைத்தாள்.

அடுத்த சந்தையன்று சடையன் வந்தார். கட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தி வாங்கி அறுத்தார். கையைச் சுற்றிக் கயிறு பதிந்த தடம் நீலமாக இருந்தது. விரலைக் கிள்ளினார். அவளுக்குத் தெரியவில்லை.

"எலும்பு கூடிகினு வருது, நேரா இருக்குது" என்றார் மெதுவாக. "சதைதான் செத்துப்போச்சு. ரத்தம் போற வழிய அடைச்சிட்டீங்க. யாரு கட்டுனது இத?"

ராஜவேலு வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "நான்தாங்க. துணி தொளதொளன்னு இருந்துச்சு, நானே கட்டிகினேன்."

சடையன் அறுந்த முடிச்சைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். ஒற்றைக் கையால் போடக்கூடிய முடிச்சா அது? ராஜவேலுவின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பத்தைகளை மறுபடி பருத்தித் துணியால் தளரக் கட்டி, எண்ணெய் தேய்க்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தை மாதத்துக்குள் தசை நார் சுருங்கி விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிவிட்டன. மணிக்கட்டைக் கீழே மடக்கினால் விரல் கொஞ்சம் திறக்கும். நிமிர்த்தினால் மறுபடி மூடிக்கொள்ளும். எலும்பு மட்டும் கோலைப்போல நேராக இருந்தது. 'தன் கையத் தானே கெடுத்துகினா' என்று தெருவே பேசியது. ராஜவேலு தினமும் எண்ணெய் தேய்த்தான், தலை வாரிவிட்டான், உலை வைத்தான், சோற்றைப் பிசைந்து ஊட்டினான். வாயை மட்டும் திறக்கவில்லை.

பங்குனியில் புதுப் பாவு பிணைக்க அடுத்த வீட்டு விருத்தாம்பாள் வந்து உட்கார்ந்தாள். நல்லவள்தான், நாக்குதான் நீளம்.

"இன்னா பொம்பள நீ? கந்தல்ல கட்டினத பட்டால கட்ட எந்தப் புத்திசாலி சொன்னான் உனக்கு?"

தெய்வநாயகி சுவரில் சாய்ந்தபடி சிரிக்கப் பார்த்தாள். ராஜவேலு தறிக்குழியிலிருந்து எழுந்தான்.

"நான்தான் கட்டுனேன். அவ தளத்தச் சொன்னா. நான்தான் உடல."

விருத்தாம்பாளின் விரல் இழையில் நின்றுவிட்டது. அப்புறம் வருவதாகச் சொல்லி எழுந்து போனாள். ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அவன் திரும்பினான்.

தெய்வநாயகி அழுதுகொண்டிருந்தாள். எலும்பு உடைந்தபோதும் விரல் மடங்கியபோதும் அழாதவள்.

"இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றாள். "நானேதான் கட்டிகினேன்னு தெனம் எனக்கே சொல்லிகினு இருந்தேன். பாதி நம்பியும் பூட்டேன். அதனாலதான் உங்க கையால சோறு வாங்கித் தின்ன முடிஞ்சிது."

அன்று மத்தியானம் அவன் சோற்றைப் பிசைந்து எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தான். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வலது மணிக்கட்டைக் கீழே மடக்கி, திறந்த அந்தக் கொஞ்ச இடத்துக்குள் இடது கையால் சோற்றை எடுத்து வைத்தாள். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்தியது. மீதியைத் தின்றுவிட்டு, மறுபடி மடக்கினாள்.