பைசா வாங்காத ஆலோசகர்

மைக்கைக் கையில் கொடுத்தால் என் நாக்கு தனியாகக் கிளம்பிவிடும். அன்று கிளம்பிய நாக்கு, நன்கொடையாளர்கள் நிறைந்த அரங்கில் எங்கள் நிதி திரட்டும் ஆலோசகரைக் காட்டி, "இவர் ஒரு பைசா வாங்காம நமக்காக உழைக்கிறார்!" என்று முழங்கிவிட்டது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தியவனே நான்தான். அவரோ மறுக்காமல் எழுந்து கும்பிட்டார்.

காது கேளாத பிள்ளைகளுக்காக என் அக்கா நடத்தும் பள்ளிக்கான வசூல் விழா அது. நான் செயலாளர், அதாவது, அக்கா திட்டுவதற்கு ஓர் ஆள்.

மேடைக்குப் பின்னால் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அறிவிருக்காடா? வசூலுக்கு ஆலோசனை சொல்ல காசு வாங்குறவர்னா, அதை நன்கொடை கொடுக்கிறவங்ககிட்ட சொல்லியே ஆகணும். அவர் அரசாங்கத்துல பதிவும் பண்ணியிருக்கணும். இல்லன்னா நம்ம வசூல் அனுமதியே போயிடும். சின்ன வகுப்புப் பிள்ளைங்களோட காது மெஷினுக்கு நான் யார்கிட்ட போய் நிக்கிறது? பதிவு இருக்கான்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. அவருடைய கோட்டைத்தான் பார்த்தேன். அவ்வளவு நல்ல கோட்.

மறுபடி மேடையேறினேன். "மன்னிக்கணும். நான் சொன்னது தப்பு. இவருக்கு நாங்க சம்பளம் கொடுக்கிறோம்."

இந்த முறை ஒரு கையும் தட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் வெளியே எடுத்த பர்ஸை மறுபடி சட்டைப்பைக்குள் வைத்தார். இருந்தாலும் இறங்கி நேராக ஆலோசகரிடம் போனேன்.

"சார், உங்க பதிவு இருக்குல்ல?"

"இந்தத் துறையில எனக்கு எவ்வளவு அனுபவம் தெரியுமா?"

"அனுபவம் சரி. பதிவு?"

"பெரிய பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் நான்தான்..."

"பதிவு, சார்?"

"என்ன சார், போலீஸ் மாதிரி? இன்னொரு நாள் காபி சாப்பிட்டுட்டே பேசலாம்."

சொல்லிக்கொண்டே போய்க் காரில் ஏறினார். நான் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டேன்.

"இறங்குங்க சார், வீட்டுக்குப் போகணும்."

"போகலாமே. காபியை அங்கேயே குடிச்சுக்கறேன். ராத்திரி சாப்பாட்டுக்கும் இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

"சார், எங்க பிள்ளைங்க நம்ம உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கும். அதுங்க முன்னாடி நின்னு நான் மழுப்ப முடியாது. இருக்கா, இல்லையா?"

அவர் என்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தார்.

"இல்ல. போன வருஷமே ரத்து பண்ணிட்டாங்க. ஓரிடத்துல வசூலான பணத்தை என் சொந்த பேங்க் கணக்குல வாங்கிட்டேன். ஆலோசகர் வசூல் பணத்தைத் தொடவே கூடாதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன்."