யாரும் விழாத சண்டை

முயல் பிஸ்கட் கம்பெனிக்குச் சொந்தம். கரடி பேங்குக்கு. முதலை பற்பசைக்கு. ஊர்ச் சுவரெல்லாம் பல்லைக் காட்டும் இந்த விளம்பரப் பொம்மைகளை வாடகைக்குப் பிடித்து, ஒரே வீடியோ கேமில் மோதவிடுவது கேம் கம்பெனி முதலாளியின் திட்டம். அந்தக் கூட்டத்தில் சொந்தச் சரக்கு ஒருத்திதான். லாரி மெக்கானிக்காக வரும் அவள் பெயர் ஸ்பேனர்.

அவளை உருவாக்கியவள் அங்கே வேலை பார்க்கும் அனிமேட்டர். உடம்பைக் கொடுத்தவள் அனிமேட்டரின் அக்கா. அக்கா நிஜமாகவே லாரி மெக்கானிக். அசைவைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சென்சார் ஒட்டிய கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு, முழங்கால் வீங்கும்வரை விழுந்து விழுந்து காட்டினாள். ஆனால் ஒரு தடவைகூட விழுந்து கிடக்கவில்லை. விழுந்த வேகத்தில் கையூன்றி எழுந்து ஒரு குத்து விடுவாள். "சும்மா கெடன்னா எனக்கு வராதுடி" என்றாள்.

ஒரு காலை முதலாளி வந்தார். "ஸ்பேனரைத் தூக்கிடும்மா. பால் கம்பெனி பசு வருது. தெரியாத மூஞ்சியை எவன் வாங்குவான்?"

அனிமேட்டருக்குச் சுர்ரென்று ஏறியது. வாடகைக்கு விட்ட ஒவ்வொரு கம்பெனியும் ஒரே நிபந்தனையைத்தான் போட்டிருந்தது: எங்கள் பொம்மை இன்னொரு கம்பெனியின் விளம்பரப் பொம்மையிடம் அடிபட்டு விழக் கூடாது. இத்தனை நாளும் அவர்களை விழ வைத்தது ஸ்பேனர். அவர்களிடம் விழுந்து எழுந்ததும் ஸ்பேனர்தான்.

"அப்ப யார் சார் விழுவாங்க?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது. அக்காவின் முழங்கால் கண்ணுக்குள் நிற்க, ஸ்பேனரை நீக்கினாள்.

கம்பெனிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டும் நாள் வந்தது. முயல் உதைத்தது, கரடி அறைந்தது. திரையில் மிச்ச உயிரைக் காட்டும் கோடு இரண்டுக்கும் தீர்ந்துபோனது. இரண்டும் சிரித்தபடி நின்றன. முதலையை விட்டார்கள், பசுவை விட்டார்கள். அடி விழுந்தது, ஆள் விழவில்லை. "இது எப்பங்க முடியும்?" என்று பிஸ்கட்காரர் கேட்டார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் அனிமேட்டரின் அறைக்கு ஓடி வந்தார். "ஸ்பேனரைத் திரும்பப் போடும்மா. ஆனா அவ யாரையும் அடிக்க வேண்டாம். எல்லார்கிட்டயும் விழுந்தா போதும்."

ஆகாது என்று துரத்தியவளைக் கூப்பிடுவது அடி வாங்க மட்டுமா? அனிமேட்டர் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அவளுக்கு விழுந்து கெடக்கத் தெரியாது சார். விழுந்தா எழுந்து அடிப்பா. எங்கக்கா அப்படித்தான் நடிச்சுக் குடுத்திருக்கா."

"எழுந்திரிக்கிறதை வெட்டிடு."

"நான் வெட்ட மாட்டேன்."

"அப்ப புதுசா யாராவது விழுந்து குடுக்கணுமேம்மா. கம்பெனிக்காரங்க வெளியில காத்துக்கிட்டு இருக்காங்க."

அனிமேட்டர் அலமாரியைத் திறந்து, அக்காவின் வியர்வை வாடை போகாத அந்தக் கறுப்பு உடையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே போட்டுக்கிட்டு விழுங்க சார். நீங்க விழக் கூடாதுன்னு எந்தக் கம்பெனியும் நிபந்தனை போடலை."