மாத்திரை போன வழி

என் வேலை என்ன என்று சொன்னால் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். மனிதக் குடலைப் படமாகப் பார்ப்பது என் வேலை. கட்டைவிரல் நுனி அளவில் ஒரு மாத்திரை, அதற்குள் கேமரா, விளக்கு, பாட்டரி. நோயாளி தண்ணீர் குடித்து அதை விழுங்குவார். உள்ளே போனதும் அது நொடிக்கு இரண்டு படம் எடுத்து, இடுப்பில் கட்டிய பெல்ட்டில் இருக்கும் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே போகும். சாயங்காலம் நான்கு மணிக்குள் பெல்ட் திரும்பி வர வேண்டும். பெட்டியில் இருப்பதை ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து நான் பார்ப்பேன். பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுப்பவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் குடல் ஜோசியர். அவர் மட்டும் என்னவாம், எலும்பு ஜோசியர்தானே.

பெல்ட்டைக் கட்டிவிடும்போது எல்லோரிடமும் ஒன்று சொல்வேன். "பெட்டியில பச்சை லைட்டு மினுங்கிட்டே இருந்தா எல்லாம் நல்லபடியா போகுதுன்னு அர்த்தம். பயப்படாதீங்க." பதினோரு வருடமாகச் சொல்கிறேன். மாத்திரை படம் அனுப்புகிறது, பெட்டி வாங்கிக்கொள்கிறது, அந்த விளக்குக்கு அவ்வளவுதான் பொருள். அதையெல்லாம் விளக்கினால் யார் காதில் ஏறுகிறது? அதனால் சுருக்கிக்கொண்டேன்.

அன்று காலை எட்டு மணிக்கு விழுங்கியவர் ஒரு பஸ் டிரைவர். இரண்டு மாதமாக உடம்பில் ரத்தம் குறைந்துகொண்டே வந்தது, எங்கே கசிகிறது என்று தெரியவில்லை. மேலிருந்து குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, கீழிருந்தும் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது நடுவில் உள்ள சிறுகுடல்.

"ரூட்டு எவ்ளோ தூரம் மேடம்?" என்று கேட்டார்.

"சிறுகுடல் மட்டும் ஆறு மீட்டர்."

"ஆறு மீட்டருக்கு ஒரு நாளா? நம்ம பஸ்ஸே தேவலை போல."

"வாயில தண்ணிய வச்சுக்கிட்டு என்ன பேச்சு" என்று கூட வந்த மனைவி அதட்டினார். நான் சொன்னதையெல்லாம் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டவர் அவர்தான்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த அம்மாள் தனியாக வந்தார். பிளாஸ்டிக் பையில் பெல்ட், ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"அவர் செத்துட்டாரு மேடம். நாலு மணிக்குள்ள குடுக்கணும்னு சொன்னீங்கல்ல."

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. வீடு இரண்டு தெரு தள்ளித்தான், உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள், கொழுந்தனார் இன்னொரு நாள் போகலாம் என்று தடுத்தும் கேட்காமல் வந்திருக்கிறார்.

"பன்னெண்டு பத்துக்குத் தலை சுத்துதுன்னாரு. லைட்டைப் பாத்தேன், மினுங்கிச்சு. ஒண்ணுமில்ல, படுங்கன்னேன். அப்புறம் பேச்சு வளந்து சண்டையாயிடுச்சு. பழைய சண்டைதான், அவர் தங்கச்சி விஷயம். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டேன். ஒரு மணிக்கு மனசு கேக்கல. பக்கத்துல வந்து உக்காந்து, தப்பு என் மேலதான்னு சொன்னேன். இருபத்தாறு வருஷத்துல மொதத் தடவை. அவர் கண்ணைத் திறக்கல. லைட்டு மினுங்கிச்சு, தூங்குறாருன்னு நெனச்சேன். ரெண்டு மணிக்கு எழுப்பினா எழும்பல. டாக்டர் வந்து பாத்துட்டு, உசுரு முன்னாடியே போயிடுச்சுன்னாரு. எப்பன்னு அவருக்கே தெரியல." மூச்சு வாங்கிக்கொண்டார். "இதுல மணி போட்டுப் படம் வரும்னு சொன்னீங்கல்ல. ஒரு மணிக்கு அவர் இருந்தாரா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வெளியாட்களை அந்த அறைக்குள் விடக்கூடாது. நான் நாற்காலி எடுத்துப் போட்டேன்.

படம் பெட்டியிலிருந்து இறங்க அரை மணி நேரம் ஆனது. பிறகு வேகமாக ஓட்டினேன். இரைப்பையின் தடித்த மடிப்புகள், அதன் கடைசியில் சுருங்கி விரியும் வாசல், அதைத் தாண்டினால் சிறுகுடல். உட்சுவர் முழுக்க, வெறும் கண்ணுக்குத் தெரியாத பொடி விரல்கள், புதுத் துண்டின் நூல் மாதிரி ஈரமாக எழுந்து நிற்கும். சாப்பாட்டின் சத்தையெல்லாம் உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பவை அவைதான். நல்ல ரோஜா நிறம். குடல் பின்னால் இறுக்கும், முன்னால் தளரும், மாத்திரை நகரும். வேறு சத்தமில்லை, எங்கள் இரண்டு பேர் மூச்சும் மின்விசிறியும்தான்.

பதினொன்று ஐம்பதுக்கு அது தெரிந்தது. குண்டூசித் தலை அளவில் ஒரு சிவப்புப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ரத்தம் பீய்ச்சியது. இரண்டு மாதமாக எல்லோரும் தேடிய இடம். அதற்கப்புறம் திரை முழுக்கச் சிவப்பு. பன்னிரண்டு பத்தும் அந்தச் சிவப்புக்குள்ளேயே போனது. நான் அந்த இடத்தை வேகமாகத் தள்ளினேன்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றில் ரத்தம் விலகிச் சுவர் தெரிந்தது. ரோஜா நிறம் போய்விட்டது. பழைய சுண்ணாம்புச் சுவர் நிறம். நின்றுகொண்டிருந்த பொடி விரல்கள் படுத்துவிட்டன. அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் குடல் நிற்கவில்லை. பின்னால் இறுக்கியது, முன்னால் தளர்ந்தது, மாத்திரை போய்க்கொண்டே இருந்தது. குடலுக்குச் சொந்தமாக நரம்பு உண்டு. அது மூளையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. இதயம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடும் என்று படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. கம்பெனியை மூடியாயிற்று என்று யாரும் தகவல் சொல்லாத தொழிலாளி மாதிரி அது பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"அசையுது மேடம்" என்றார் அந்த அம்மாள். முகத்தில் ஒரு வெளிச்சம். "ஒரு மணி ஆகப் போகுது, இன்னும் அசையுதே. அப்போ இருந்தாரு."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, அந்த அம்மாள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார், நானும் தப்பித்திருப்பேன். இல்லை என்று சொன்னால் விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளக்கைப் பற்றிச் சொன்னால் அவர் நேராகப் பன்னிரண்டு பத்துக்குப் போய் நிற்பார். அப்போதே தூக்கிக்கொண்டு வந்திருந்தால் இரண்டு தெருதான். வேலை போய்விடும் என்றும் நினைத்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

"இல்லக்கா. பன்னெண்டு நாப்பத்தொண்ணுக்கே போயிட்டாரு. அசையுறது குடல் மட்டும்தான்."

"அப்போ அந்த லைட்டு?"

"அது மெஷினுக்குக்கா. மனுஷனுக்கு இல்ல. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் உதடு மட்டும் அசைந்தது, மணிக் கணக்குப் போட்டது. பன்னிரண்டு பத்துக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணில் பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

திரையில் மணி ஒன்று மூன்று.

குடல்சுவர் ஒரு பக்கமாக உள்ளே புடைத்தது. ஒரு மேடு. பக்கத்தில் இன்னொன்று. மூன்று, நான்கு, வரிசையாக. குடல் தானாகச் சுருங்கினால் வளையமாகத்தான் சுருங்கும். இப்படி நான் பார்த்ததே இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்தேன்.

"அது என் கை" என்றார் அந்த அம்மாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"வயித்து மேல கையை அழுத்தி வச்சுக்கிட்டுதான் சொன்னேன். ஒரு சுத்துக் கொறஞ்சிட்டாரு, அழுத்தினா முதுகெலும்பே தட்டுப்படும்."

நான்கு விரலும் அங்கேயே இருந்தன, மாத்திரை அவற்றைத் தாண்ட முடியாமல் நின்றது. சுற்றியிருந்த குடல் மெல்ல இறுகி அவற்றைப் பிடித்தது, விட்டது. மறுபடி பிடித்தது. எது அழுத்தினாலும் அது இறுகும். சாப்பாடு, காற்று, கை, எதுவென்று அதற்குத் தெரியாது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அன்று வாய் வரவில்லை.

ஒன்று இருபதுக்கு விரல்கள் விலகின. அந்த இடத்தில் குடல் இன்னும் ஒரு தடவை இறுகி, காலியாக விரிந்தது.

"அந்த மாத்திரை இப்ப எங்க?" என்று கேட்டார்.

"உள்ளயேதான் இருக்கு."

"லைட்டு எரியுமா?"

"பாட்டரி ஆறு மணி வரைக்கும் வரும். படம் எடுத்துட்டே இருக்கும், வாங்கிக்க ஆளில்ல."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து ஐந்து. அவர் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் வரேன் மேடம். கை வச்சா அதுக்குத் தெரியுதுல்ல, ஆறு மணி வரைக்கும் வச்சுக்கிட்டு இருக்கேன்."

இந்நேரம் குடலும் நின்றிருக்கும். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நாளில் ஒரு தடவைக்குத்தான் தைரியம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார்.