555 புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு

ஒரு மாத்திரையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆண்பிள்ளை இந்தக் கிள்ளான் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பன்னிரண்டு வருடமாக என் மனைவி டொரத்திக்கு வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவன் நான். ஒருக்களித்துப் படுக்க வைப்பேன், கடிகாரம் பார்ப்பேன், முடிந்ததும் அட்டையில் 555 என்று போட்ட சின்ன நோட்டுப் புத்தகத்தில் தேதி எழுதி சிவப்புக் கோடு போடுவேன். அவளுக்கு எதுவும் நினைவிருக்காது. டாக்டருக்கும் நான் எழுதியதுதான் கணக்கு. பழைய மருந்துகள் கோடுகளைக் குறைத்தனவே தவிர நிறுத்தவில்லை. பிரிக்பீல்ட்ஸ் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குக்கூட நான்தான் கூட்டிப்போவேன். "கிரிகரி மாதிரி புருஷன் கிடைக்கணும்" என்று சபையே சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு புது மாத்திரை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார்கள். பதினோரு மாதமாக ஒரு கோடுகூட இல்லை. நான் இத்தனை வருடம் காவல் காத்தும் நிற்காததை, சுண்டுவிரல் நகமளவு மாத்திரை நிறுத்திவிட்டது. சபையில் இப்போது மாத்திரையின் பெயரைத்தான் கேட்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னும் ஒரு மாசம் இப்படியே இருந்தா லைசென்ஸ் எடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்புறம் காஜாங்ல அக்கா வீட்டுக்கு நானே கார் ஓட்டிட்டுப் போவேன் லா!" என்றாள்.

போன மாதம் பதினாலாம் தேதி முதல்முறையாக என்னை விட்டுவிட்டுத் தனியாக ரயிலேறிப் போனதும் அந்த அக்கா வீட்டுக்குத்தான்.

கிளினிக்குக்குக் கிளம்பும் காலை, அவள் குளித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை எடுத்து அதே பதினாலாம் தேதியை எழுதி ஒரு கோடு போட்டேன். மனசு குளிர்ந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். "திரும்ப வந்திருக்கே டொரத்தி. லைசென்ஸ் இப்ப வேணாம். மருந்தையும் கூட்டணும்."

டொரத்தி எட்டிப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கி நான் காஜாங்ல இருந்தேன். அக்கா என்னை விட்டு நகரவே இல்ல. இவரு இங்க மேருவுல வேலைல இருந்தாரு" என்றாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "அது வலிப்பு இல்ல டாக்டர். அது என் வீட்டுக்காரரு."

டாக்டர் பேனாவை மூடினார்.

புத்தகத்தை அவள் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வழியில் வலிப்பு வந்துவிட்டால் பிடித்துக்கொள்ள வேண்டுமென்று பன்னிரண்டு வருடமாகக் காரில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள், அன்று பின் கதவைத் திறந்து ஏறினாள்.