கெட்டவளுக்கு வைத்த பெயர்

பானையில் சோள ரொட்டி வெந்துகொண்டிருந்தபோது லொரெய்ன் எழுதிய குழந்தைகள் புத்தகத்தைப் பிரித்தேன். படத்தில் ஒரு கிழவி வெள்ளைக்காரச் சிறுமியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கிழவிக்குப் பெயர் கவிசெனாவே. என் மகளின் பெயர்.

எங்கள் மோஹாக் பூர்வகுடிச் சனங்களில் ஒரு பெயர் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான். அது குலத்தின் சொத்து. அந்தக் காலத்துச் சண்டையில் தெற்கேயிருந்து பிடித்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ஆற்றில் குளிப்பாட்டித் தத்தெடுத்து, அம்மையில் செத்த எங்கள் குலத்துப் பெண் ஒருத்தியின் பெயரான கவிசெனாவேயை அவளுக்குக் கொடுத்தார்கள். அவளுடைய அப்பன் பின்னால் மீட்டுப்போக வந்தான். அவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு அவள் இங்கேயே இருந்துவிட்டாள். அவள் வழி வந்தவர்கள் நாங்கள். இதையெல்லாம் லொரெய்னுக்குச் சொன்னது நான்தான். பாலத்துக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர் ஊரிலிருந்து வந்து, குளிர்காலம் முழுக்க என் சமையலறையில் உட்கார்ந்து தின்றவள். சிநேகிதி என்று நம்பி வீட்டுப் பெயரை எடுத்துக் கொடுத்தேன்.

புத்தகத்தில் சிறுமி ஜெபிக்கிறாள், அடி வாங்குகிறாள், அப்பாவோடு வீடு திரும்புகிறாள். முடிவில் கொட்டை எழுத்தில் நீதி: பெற்றோர் சொல் கேட்கும் பிள்ளையைக் கடவுள் கைவிடமாட்டார்.

போனில் கேட்டேன். "ஏன்டி, அவ திரும்பிப் போகவே இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரேஸ். சின்னப் புள்ளைங்க படிக்கிறது. போகலைன்னு எழுதினா அதுல என்ன பாடம் இருக்கு?"

"அந்தப் பேரைப் போயா ராட்சசிக்கு வெச்ச?"

"கேக்க நல்லாருந்துச்சு. உங்களுக்குப் பெருமையா இருக்கும்னு நெனச்சேன்."

என் மகள் படிப்பதும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். அங்கே வகுப்பில் அதைத்தான் வாசித்திருக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அவள் சொன்னாள்: "முடிய இழுக்காதேன்னு என்னைப் பாத்து கத்திக்கிட்டு ஓடுறாங்க. அந்தப் பேரு எனக்கு வேணாம்மா. குலத்துக்கே திருப்பிக் குடுத்துரு. ஸ்கூல் பதிவுல இருக்கிற டெனிஸ்ங்கிற பேரே எனக்குப் போதும்."

"அது பொய்க் கதைடி. நெசத்தைத்தான் உனக்குச் சொல்லியிருக்கேன்ல?"

"உன் சிநேகிதிதானம்மா எழுதுனா?"

அவள் தள்ளிவிட்ட தட்டைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினேன்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிப் பேருந்து எங்கள் தெருவில் நின்றது. எங்கள் பிள்ளைகள் சளசளவென்று இறங்கினார்கள். வாசலுக்கு வந்து, தொண்டை கிழிய "கவிசெனாவே" என்று அவளைக் கூப்பிட்டேன்.

மற்ற பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் எங்கள் வீட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள்.