விஜயகுமாரி நடித்த படம்

நான் இயக்கியது ஒரே ஒரு படம். செங்கல்பட்டில் நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் போஸ்டரை ஆடு தின்றது. அட, சிரிங்க, பரவாயில்லை. அதற்கப்புறம் கல்யாண வீடியோ எடுத்தே வயிறு கழுவுகிறவனுக்கு ரோஷம் எங்கே மிச்சமிருக்கும்?

அந்தப் படத்தை 2003இல் ஒரு டிவிக்காரன் ஞாயிறு மத்தியானம் போடுவதாக விளம்பரம் செய்தான். என் மகள் மீராவுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் பூராவும் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தாள்.

"நைனா, அதுல அம்மா கீறாங்கன்னு ராஜேந்திரன் மாமா சொன்னாரு. மெய்யாவா?"

"கீறாங்க."

"நடப்பாங்களா? பேசுவாங்களா?"

"படம் வரட்டும், பாரு" என்றேன். கோழைப் பயல் நான், வேறென்ன சொல்வேன்.

என் மனைவி விஜயகுமாரி மஞ்சள் காமாலையில் போனபோது மீராவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அம்மா முகமே அவளுக்கு ஞாபகமில்லை. வீட்டில் இருப்பது நாலு போட்டோ. எங்கள் கல்யாணத்தில் வீடியோ வேண்டாம் என்று குதித்தவன் நான்தான். சினிமா எடுக்கப்போகிறவன் கல்யாணத்தில் வீடியோவா என்ற திமிர். ஆக, விஜயகுமாரியைக் கேமரா படம் பிடித்தது ஒரே ஒரு நாள்தான்.

அது 1995. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையில் படப்பிடிப்பு. கதாநாயகனின் அக்கா கடலில் முழுகி, பிணமாகக் கரை ஒதுங்கும் காட்சி. பேசிவைத்த நடிகை வரவில்லை. எனக்குச் சோறு கட்டிக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்தவளை, நனைந்த புடவையோடு மணலில் படுக்கவைத்து எடுத்தேன்.

பிணமாக நடித்தவரை உடனே எழுப்பி, சிரிக்கச் சொல்லிக் கொஞ்சம் படம் பிடிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். தோஷம் கழியுமாம். மேனேஜர் ராஜேந்திரன் ஓடிவந்தான்.

"அண்ணாத்த, அண்ணி சிரிக்கிற மாதிரி ஒண்ணு எட்த்துருங்க."

"வெளிச்சம் போய்க்கினு கீது. பிலிமும் கொஞ்சம்தான் கீது. போய் வேலையப் பாருய்யா."

அவள் புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேமரா அதற்குள் அடுத்த ஷாட்டுக்குத் திரும்பியிருந்தது.

தோஷத்தால்தான் போனாள் என்று ராஜேந்திரன் இன்றைக்கும் சொல்கிறான். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும், அவ்வளவுதான். பத்து செகண்ட் பிலிமை மிச்சம் பிடித்த என்னைச் செருப்பால் அடித்தாலும் மனசு ஆறாது.

ஞாயிற்றுக்கிழமை மீரா புதுச்சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். அந்தக் காட்சி வந்தது. மணலில் விஜயகுமாரி கண்மூடிக் கிடந்தாள். பிள்ளை அழப்போகிறாள் என்று பயந்தேன். அழவில்லை. முட்டிபோட்டு நகர்ந்து, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனாள்.

"இன்னா கண்ணு பண்றே?"

"சும்மா இரு நைனா. செத்த மாதிரி சும்மாதானே நடிக்கிறாங்க. மூச்சு வுடுவாங்க, வயிறு அசையும். பாத்துக்கினே இரு."

அசையாது. முதல் மூன்று டேக்கிலும் அசைந்தது. மூச்சை அடக்கக்கூடத் தெரியாதா என்று அத்தனை பேர் முன்னால் அவளைத் திட்டிவிட்டு, நான்காவது டேக்கைத்தான் ஓகே செய்தேன்.